‘முடியல’ என்னும் சொல்லை முன்வைத்து
தொற்றுக்குப் பிந்தைய உடல், பல்துறை மருத்துவம், கூலி

1

நம்மிடையே மருத்துவம் பற்றிப் பேச்சு எடுத்தால் இரண்டே நிமிடத்தில் அது அதிகாரத்துக்கு வந்து சேர்ந்துவிடும். மிஷேல் ஃபூக்கோ 1963இல் எழுதிய ‘மருத்துவமனையின் பிறப்பு’, 1970களில் இவான் இல்லிச் மருத்துவ நிறுவனத்தின்மேல் அடுக்கிய குற்றச்சாட்டுகள் – இரண்டையும் பாதி படித்தும் பாதி கேட்டும் நாம் ஒரு விமர்சனத்தைக் கட்டிக்கொண்டோம். உடலைப் பார்க்கிற கண், அளக்கிற கருவி, பதிகிற ஏடு எல்லாமே ஆளுகையின் உறுப்புகள் என்றோம். கூட்டங்களில் நானும் அப்படித்தான் பேசியிருக்கிறேன். அது பொய் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை.

ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. பார்க்கிற அதிகாரத்தைப் பற்றி இவ்வளவு பேசிய நாம், பார்க்க மறுக்கிற அதிகாரத்தைப் பற்றி அநேகமாக ஒன்றுமே பேசவில்லை. மருத்துவத்தின் கண்ணிலிருந்து உடலை விடுவிப்பது நம் கனவு. மருத்துவத்தின் கண்ணில் படவே முடியாமல் வருஷக் கணக்காக டோக்கன் வாங்கி உட்கார்ந்திருக்கிறவருக்கு நம் கனவில் என்ன வேலை? கோவிட் தொற்று வந்துபோனபின் உடம்பு திரும்பி வராத லட்சக்கணக்கானவர்கள் இந்தக் கேள்வியை நம்முன் வைத்திருக்கிறார்கள். அவர்கள் கேட்பது குறைந்த மருத்துவம் அல்ல, மேலும் மருத்துவம். ‘எங்களை அளந்து பாருங்கள், பதிவு செய்யுங்கள், ஒரு பெயர் கொடுங்கள்’ என்கிறார்கள். நம் விமர்சனம் இந்த இடத்தில் வாயடைத்து நிற்கிறது.

2

இரண்டு பிரதிகளை எடுத்துக்கொள்கிறேன். இலக்கியப் பிரதிகள் அல்ல. என் அக்காவின் வீட்டு பீரோவில் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பவை.

முதலாவது ஒரு ஃபைல். ஜவுளிக்கடை மஞ்சள் பைக்குள் இருக்கிறது. 2021 மே மாதம், தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு போட்ட நாட்களில், அவளுக்குக் காய்ச்சல் வந்தது. வாசனை போய்விட்டது. டெஸ்ட் எடுக்கவில்லை, அப்போது வரிசையில் போய் நிற்கிற நிலையில் வீட்டில் யாரும் இல்லை. பதினைந்து நாளில் காய்ச்சல் விட்டது. ஆனால் அவள் எழவில்லை. அந்த ஃபைலில் உள்ளவை: புறநோயாளர் சீட்டுகள் ஒன்பது, எக்ஸ்ரே, ஈசிஜி, எக்கோ, தைராய்டு, சர்க்கரை, ரத்த அணுக்கள். எல்லாவற்றிலும் ஏதோ ஒரு மூலையில் ‘நார்மல்’ என்று அச்சாகியிருக்கிறது. சீட்டுகளில் சத்து மாத்திரை, பி காம்ப்ளெக்ஸ். கடைசிச் சீட்டில் மனநலப் பிரிவுக்குப் போகும்படி ஒரு வரி.

இரண்டாவது ஒரு கணக்கு நோட்டு. அக்கா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பவர் டேபிள் ஓட்டுகிறாள். பீஸ் ரேட். சூப்பர்வைசர் கணக்கில் குறைத்துவிடக் கூடாதென்று அன்றன்றைக்குத் தைத்த எண்ணிக்கையை அவளே எழுதிவைப்பாள். 2021க்கு முந்திய பக்கங்களில் 520, 545, 530 என்று ஒரு சீராக ஓடுகிறது. ஞாயிறு மட்டும் கோடு. ஊரடங்கு முடிந்து வேலைக்குத் திரும்பிய பக்கங்களில் வேறொரு தாளம்: 190. 0. 0. 340. 0. 0. 0. 160. 170. 410. 0. 0.

நான் படித்தது தமிழ் எம்.ஏ. எனக்குத் தெரிந்த ஒரே வேலை பிரதியை வாசிப்பது. ஃபைலை வாசித்தால் அதில் நோயே இல்லை. நோட்டை வாசித்தால் நோய் மட்டும்தான் இருக்கிறது. அதிலும் ஒரு ஒழுங்கோடு இருக்கிறது. அதிகம் தைத்த நாளுக்கு அடுத்து வெறும் நாட்கள். 410 தைத்தாள், இரண்டு நாள் படுத்தாள். 340 தைத்தாள், மூன்று நாள் படுத்தாள். சோம்பேறியின் கணக்கு இப்படி இருக்காது. சோம்பேறி எல்லா நாளும் கொஞ்சமாகத் தைப்பான்.

உழைத்த பின், பெரும்பாலும் உடனே அல்லாமல் மறுநாளோ அதற்கடுத்த நாளோ, உடம்பு மொத்தமாகச் சரிந்துவிடுவதை உழைப்புக்குப் பிந்தைய நலிவு என்று மருத்துவர்கள் விவரிக்கிறார்கள். வைரஸ் தொற்றுக்குப் பின் நீடிக்கும் நோய்களில் மிக முக்கியமான அடையாளங்களில் ஒன்று அது. எக்கோவில் அது தெரியாது, எக்ஸ்ரேயில் தெரியாது. கணக்கு நோட்டில் தெரிகிறது. ஒன்பது முறை போனதில் ஒருமுறைகூட அந்த நோட்டை யாரும் கேட்கவில்லை. அவளுக்கும் கொண்டுபோகத் தோன்றவில்லை. ‘அது கூலிக் கணக்குதானடா, அதைப் போயி டாக்டர்கிட்ட காட்டுவாங்களா?’ என்றாள்.

3

‘நீள்கோவிட்’ என்று இன்று நாம் மொழிபெயர்த்துச் சொல்கிற பெயரை எந்த மருத்துவப் பேராசிரியரும் வைக்கவில்லை. 2020 மே மாதம், இத்தாலியைச் சேர்ந்த தொல்லியல் ஆய்வாளர் எலிசா பெரேகோ, தன் சொந்த நோயைச் சொல்ல ட்விட்டரில் அந்தச் சொல்லைப் போட்டார். அப்போது மருத்துவம் சொல்லிக்கொண்டிருந்தது, லேசான தொற்று என்றால் இரண்டு வாரத்தில் சரியாகிவிடும் என்று. ஆகாதவர்கள் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்தார்கள். நோயாளிகளாக இருந்த ஆய்வாளர்களே சேர்ந்து கேள்வித்தாள் தயாரித்தார்கள், கணக்கெடுத்தார்கள். உலகச் சுகாதார நிறுவனம் தன் வரையறையை வெளியிட்டது 2021 அக்டோபரில். தொற்று தொடங்கி மூன்று மாதம் ஆனபின்பும் காணப்படுகிற, இரண்டு மாதமாவது நீடிக்கிற, வேறு நோயால் விளக்க முடியாத அறிகுறிகள் – இதுதான் அதன் சாரம். அந்த வரையறையை வகுத்த குழுவில் நோயாளிகளும் இருந்தார்கள். தொற்று பரிசோதனையில் உறுதியாகியிருக்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. தொற்று நடந்திருக்க வாய்ப்பு இருந்தாலே போதும் என்கிறது. டெஸ்ட் எடுக்காத என் அக்கா அந்த வரையறைக்குள் வருகிறாள். அவள் போன எந்த அறையிலும் அது அவளுக்குச் சொல்லப்படவில்லை, அவ்வளவுதான்.

பிரிட்டனின் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் இந்த நோயை எண்ணிய முறை கவனிக்கத்தக்கது. மக்களிடமே கேட்டார்கள். 2023 மார்ச் கணக்கின்படி அங்கே சுமார் 19 லட்சம் பேர், அதாவது மக்களில் 2.9 விழுக்காடு, தமக்கு நீள்கோவிட் இருப்பதாகச் சொன்னார்கள். பெண்களிடமும், வறுமை மிகுந்த பகுதிகளில் வாழ்பவர்களிடமும் விகிதம் கூடுதலாக இருந்தது. ‘சொன்னார்கள்’ என்பதுதான் இங்கே முக்கியம். நோயாளி சொல்வதைத் தரவு என்று ஒரு அரசு நிறுவனம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. நம் ஊரில் நோயாளி சொல்வது இன்னும் புலம்பல்.

நமக்கு இதில் முன்னனுபவம் இல்லையா? இருக்கிறது. 2006இல் சிக்குன்குனியா வந்தபோது இந்தியாவில் பதிவான சந்தேகத்துக்குரிய நோயாளிகள் ஏறக்குறைய 13.9 லட்சம். தமிழ்நாட்டில் ஊர் ஊராகப் படுத்தார்கள். ‘சிக்கன் குனியா’ என்று சொல்லிக் கோழியைத் தின்னப் பயந்தார்கள். அந்தப் பெயர் கிழக்கு ஆப்பிரிக்காவின் மகோண்டே மொழியிலிருந்து வந்தது. வலியில் உடம்பு வளைந்து முறுக்கிக்கொள்வதைச் சொல்கிற சொல். அதுவும் நோயுற்ற உடம்பைக் கிட்டத்தில் இருந்து கண்ட மக்களின் மொழியில் பிறந்த பெயர்தான். காய்ச்சல் ஒரு வாரத்தில் போனது. மூட்டுவலி பலருக்கு மாதக் கணக்கில், சிலருக்கு வருஷக் கணக்கில் நின்றது. எங்கள் அம்மாயி அதற்குப் பிறகு விரலை மடக்கி மூணு கல்லைக்கூடக் கூட்டி அடுப்பு வைக்க முடியாமல் இருந்தாள். ‘வயசாயிருச்சு’ என்று முடித்துவிட்டோம். வைரஸ் செய்ததை வயதின் கணக்கில் எழுதினோம். அப்போது அவளுக்கு ஐம்பத்தெட்டு.

4

சோதனையில் தெரியாததை மனசின் கணக்கில் எழுதுவதற்கு மருத்துவத்தில் ஒரு நீண்ட மரபு இருக்கிறது. 1955 ஜூலையில் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஒரு கொள்ளைநோய் பரவியது. பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் அங்கே வேலை பார்த்த ஊழியர்கள் – 292 பேர். மருத்துவமனையையே சில மாதங்கள் மூடவேண்டி வந்தது. தசைவலி, தலைச்சுற்றல், தீராத சோர்வு. பலருக்கு அது நீடித்தது. 1970இல் மெக்எவெடி, பியர்ட் என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அதைக் கூட்டு ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். நோயாளிகளை அவர்கள் நேரில் பார்க்கவில்லை. பழைய குறிப்பேடுகளை வைத்து எழுதினார்கள். அவர்கள் காட்டிய காரணங்களில் முதன்மையானது, நோயுற்றவர்களில் பெண்கள் மிகுதி என்பது. ஒரு பெண் கூட்டம் ‘முடியல’ என்று சொன்னால் அது நோய் அல்ல, நடிப்பு அல்லது நரம்புத் தளர்ச்சி என்கிற முடிவு கண்டுபிடிக்கப்பட்டதல்ல. ஏற்கனவே கையில் இருந்தது.

அடுத்த கட்டம் இன்னும் நாசூக்கானது. ‘உங்களுக்கு நோய் இல்லை’ என்று சொல்லாமல் ‘அசையாமல் இருந்ததால் உடம்பு கெட்டுவிட்டது, பயத்தை விட்டுத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி உழையுங்கள்’ என்பது. படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் இந்தச் சிகிச்சைக்கு ஆதரவாக 2011இல் லான்செட் இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. பேஸ் ஆய்வு என்பார்கள். ‘பயிற்சி செய்து நாங்கள் மோசமாகிப்போனோம்’ என்று நோயாளிகள் கத்தினார்கள். ஆய்வின் தரவுகளைக் கேட்டுத் தகவல் உரிமைத் தீர்ப்பாயம் வரை போய் 2016இல் வாங்கினார்கள். 2021 அக்டோபரில் பிரிட்டனின் நைஸ் நிறுவனம், தீராச் சோர்வு நோய்க்கான தன் வழிகாட்டுதலைத் திருத்தி, அந்தச் சிகிச்சையைப் பரிந்துரையிலிருந்து நீக்கியது. பதிலுக்குச் சொன்னது, கையில் இருக்கிற சக்தியின் எல்லைக்குள் வேலையையும் ஓய்வையும் பங்கிட்டுக்கொள்ளும் முறை.

இதை நினைவில் வையுங்கள். நோயாளி தன் உடம்பைப் பற்றிச் சொன்னது அறிவாக ஏற்கப்படுவதற்கு இத்தனை வருஷம் பிடித்தது. அவர்கள் படித்தவர்கள், ஆங்கிலம் எழுதுகிறவர்கள், சட்டம் தெரிந்தவர்கள். பவர் டேபிள் ஓட்டுகிறவளுக்கு எத்தனை வருஷம் ஆகும்?

5

இந்தப் பின்னணியில்தான் ‘பல்துறைத் தொடர் சிகிச்சை’ என்கிற கருத்தைப் பார்க்க வேண்டும். 2020 அக்டோபரில் இங்கிலாந்தின் தேசிய மருத்துவ சேவை, நீள்கோவிடுக்கென்று தனிப் பிரிவுகளைத் தொடங்குவதாக அறிவித்தது. 2021 நடுவில் அவை எண்பதைத் தாண்டிவிட்டன. மருத்துவர், செவிலியர், இயன்முறைச் சிகிச்சையாளர், அன்றாட வேலைகளுக்குத் திரும்ப உதவும் தொழில்வழிச் சிகிச்சையாளர், உளவியலாளர் எல்லாரும் ஒரே குழு. ஒரு நோயாளி, ஒரு ஃபைல், ஒரு பேச்சு என்பது திட்டம். காத்திருப்போர் பட்டியல் நீண்டது, ஊருக்கு ஊர் தரம் மாறியது, பிற்பாடு தனி நிதி நின்றுபோய்ச் சில பிரிவுகள் மூடவும் பட்டன. நோயை முழுக்க நீக்கும் மருந்து என்று நிறுவப்பட்டது எதுவும் இன்றுவரை அவர்களிடம் இல்லை. இருந்தும் அந்த யோசனையில் ஒரு உண்மை இருக்கிறது. மருந்து இல்லாத இடத்திலும் மருத்துவம் இருக்க முடியும் என்பதே அது.

‘நம் பெரிய ஆஸ்பத்திரிகளில் எல்லாத் துறையும் இருக்கிறதே’ என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் துறைகளுக்கு இடையே நடப்பவர் நோயாளி மட்டும்தான். நுரையீரல் பிரிவு ஒரு கட்டிடம், இதயப் பிரிவு வேறு கட்டிடம், ரத்தம் கொடுக்க மூன்றாவது கவுண்டர். நடந்தால் நலிகிற நோய்க்கு, நடையாய் நடக்க வைப்பதுதான் சிகிச்சை. ஒவ்வொரு துறையும் தன் உறுப்பைப் பார்த்து ‘என்னுடையது சரி’ என்று எழுதி அனுப்புகிறது. எல்லா உறுப்பும் சரி. ஆள்தான் சரியில்லை. ஃபூக்கோ காட்டிய அந்த மாற்றம் – நோயாளியின் முழுக் கதையிலிருந்து உடலுக்குள் ஒரு புள்ளியை நோக்கி மருத்துவக் கண் திரும்பியது – இங்கே அபத்தமாக முடிகிறது. புள்ளி அகப்படவில்லையென்றால் நோயும் இல்லை.

ஒரு உதாரணம். அக்காவின் எக்கோ படுக்கவைத்து எடுத்தது. நார்மல். அவளுக்குத் தலை சுற்றுவதும் நெஞ்சு படபடப்பதும் எழுந்து நிற்கும்போது. தொற்றுக்குப் பின் சிலருக்குத் தன்னியக்க நரம்புகளின் ஒழுங்கு கெட்டு, எழுந்து நின்றால் இதயத்துடிப்பு எகிறும். இதைக் கண்டுபிடிக்கும் முதல் சோதனைக்குப் பெரிய எந்திரம் வேண்டாம். படுக்கவைத்து நாடி, ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். எழுந்து நிற்கவைத்து 10 நிமிடம் விட்டுவிட்டுப் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தம் இறங்காமல் துடிப்பு மட்டும் 30க்கு மேல் ஏறி நின்றால், பெரியவர்களில் அது ஒரு அடையாளம். தேவைப்படுவது ஒரு கடிகாரம், ஒரு கட்டில், ஒரு மனிதர், பத்து நிமிடம். நம் புறநோயாளர் பிரிவில் இல்லாத ஒரே கருவி அந்தப் பத்து நிமிடம்தான். டாக்டரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. அவர் முன்னால் நூறு பேர் நிற்கிறார்கள். அவருடைய நேரமும் பீஸ் ரேட்டில்தான் ஓடுகிறது.

மனநலப் பிரிவு பற்றி ஒரு வார்த்தை. அங்கே அனுப்புவதே அவமானம் என்று நான் சொல்லவில்லை. வருஷக் கணக்காகப் படுத்துக் கிடப்பவருக்குத் தூக்கமும் மனசும் கெடாமல் இருக்குமா? குழுவில் ஒருவராக உளவியலாளர் முதல் நாளிலிருந்தே இருந்தால் அது உதவி. எல்லாத் துறையும் கைவிட்ட பிறகு கடைசி வரியாக அவர் பெயர் எழுதப்பட்டால் அது தீர்ப்பு. இரண்டுக்கும் ஒரே சீட்டு, ஒரே கையெழுத்து. இடம் மட்டும் வேறு.

6

இது வெள்ளைக்காரன் ஊர் ஏற்பாடு, நமக்கு ஒத்துவராது என்று சொல்பவர்களுக்காக வேலூரை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. நோய் வேறு; வைரஸ் அல்ல, தொழுநோய். ஆனால் ‘தொற்று முடிந்த பிறகும் உடம்பில் தங்கிவிடுவதை என்ன செய்வது’ என்ற கேள்வி ஒன்றுதான். 1946இல் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், 1948 முதல் தொழுநோயால் மடங்கிப்போன கைகளில் தசைநாண்களை இடம் மாற்றி அறுவை செய்தார். விரல் நிமிர்ந்தது. நிமிர்ந்த விரலோடு ஊருக்குப் போனவன் திரும்பி வந்தான் – வேலை இல்லை, பிச்சை எடுக்கவும் இப்போது கை ஒத்துழைக்கவில்லை. அங்கேதான் அறுவைக்கூடம் மட்டும் போதாது என்று தெரிந்தது. இயன்முறைச் சிகிச்சை சேர்ந்தது. நவஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பு, அதில் தச்சுப்பட்டறை. உணர்ச்சியற்ற கால்களுக்கு மென்ரப்பர் செருப்பு. அதைச் செய்யச் செருப்புத் தொழிலாளர்கள். விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே கைகளுக்கு அறுவை செய்த மேரி வர்கீஸ், பின்னாளில் அங்கே மறுவாழ்வு மருத்துவத் துறையை வழிநடத்தினார். ‘பல்துறை’ என்பதில் மருத்துவமல்லாத துறைகளும் உண்டு என்பதை வேலூர் காட்டியது. அந்தக் குழுவில் தச்சரும் செருப்பு தைப்பவரும் இருந்தார்கள்.

இதைவிட முக்கியமானது வேறொன்று. தொழுநோய் விரலைத் தின்கிறது என்றுதான் அன்றைக்கு எல்லாரும் நம்பினார்கள். தாம் திறக்க முடியாத துருப்பிடித்த பூட்டை ஒரு சிறுவன் சாவியைத் திருகித் திறந்ததையும், அவன் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்ததையும், அவனுக்கு அது தெரியவே இல்லை என்பதையும் பிராண்ட் கண்டார். வலி இல்லாததால் அளவு தெரியாமல் அழுத்துகிறார்கள், காயம்படுகிறார்கள், காயம்தான் விரலைத் தின்கிறது. அந்த அறிவு ஆய்வகத்தில் கிடைக்கவில்லை. வேலை செய்கிற கையைப் பக்கத்தில் இருந்து பார்த்ததில் கிடைத்தது. வேலூரை நான் புனிதப்படுத்தவில்லை. மிஷன் மருத்துவத்துக்கு அதற்கான அதிகாரமும் அதற்கான மௌனங்களும் உண்டு. ஆனால் உழைப்பைப் பார்க்காமல் நோயைப் பார்க்க முடியாது என்பதை இந்த மண்ணில் ஒருமுறை கண்டுபிடித்தாயிற்று. மறுபடி முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

7

2020 செப்டம்பரில் ஒன்றிய அரசின் சுகாதார அமைச்சகம் கோவிடுக்குப் பிந்தைய பராமரிப்புக்கு ஒரு நெறிமுறை வெளியிட்டது. யோகா, பிராணாயாமம், தியானம், நடை, சியவனப்பிராசம் எல்லாம் அதில் உண்டு. போதிய தூக்கமும் ஓய்வும் கொள்ளும்படியும் உண்டு. எனக்கு அந்தக் கடைசிச் சொல்லில்தான் கண் நிற்கிறது. ஓய்வு. இந்த நோயில் இன்று உருப்படியாகச் சொல்ல முடிந்த முதல் மருந்து அதுதான். அந்த மருந்தை யார் வாங்க முடியும்? மாதச் சம்பளக்காரருக்கு அது மருத்துவ விடுப்பு. பீஸ் ரேட்காரிக்கு அது பட்டினி. ‘ரெஸ்ட் எடும்மா’ என்று டாக்டர் எழுதுகிற சீட்டு, எந்த மெடிக்கலிலும் கிடைக்காத மருந்துக்கு எழுதின சீட்டு.

பெயரின் அரசியல் இங்கேதான் வயிற்றைத் தொடுகிறது. இ.எஸ்.ஐ. திட்டத்தில் நோய்க்கால உதவித்தொகை கூலியில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை. அதற்கு மேல் வேண்டுமென்றால் நீடித்த நோய்கள் என்று வகுக்கப்பட்ட 34 நோய்களின் பட்டியல் இருக்கிறது. அதற்குள் வந்தால் 80 விழுக்காடு, இரண்டு ஆண்டு வரை. காசநோய், தொழுநோய், புற்றுநோய் என்று பெயர் பெற்ற நோய்களுக்கான பட்டியல் அது. ‘அசதி’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டு அந்தக் கவுண்டரில் போய் நிற்க முடியாது. பட்டியலுக்கு வெளியே விதிவிலக்குக்கு வழி உண்டு என்பார்கள். அதற்கும் ஒரு பெயரும் ஒரு மருத்துவரின் எழுத்தும் வேண்டும். ஃபைல் முழுக்க ‘நார்மல்’ என்று இருந்தால் எந்தப் பெயரை எழுதுவார்? ஆகவே நோயறிதல் என்பது இங்கே அடையாள முத்திரை குத்துவது மட்டுமல்ல. அது ஒரு கூலி ஆவணம். இதை நாம் பார்க்கத் தவறினோம். இ.எஸ்.ஐ. பிடித்தமே இல்லாமல் காண்டிராக்டரிடம் வேலை பார்க்கிறவர்களுக்கு அந்தக் கவுண்டரும் இல்லை என்பது தனிக் கதை.

நான் பார்த்த சங்கத் துண்டறிக்கைகளில் கூலி உயர்வு இருக்கிறது, போனஸ் இருக்கிறது. தொற்றுக்குப் பின் குறைந்த நேர வேலை, படிப்படியாகத் திரும்பும் உரிமை, நோய்க்கால விடுப்பு – இவை கண்ணில் படவில்லை. மருத்துவர்கள் ‘இது தொழிலாளர் பிரச்சினை’ என்று ஒதுக்குகிறார்கள். சங்கங்கள் ‘இது மருத்துவப் பிரச்சினை’ என்று ஒதுக்குகின்றன. இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே நடப்பது மறுபடியும் அவள்தான்.

ஒன்றுமே இல்லாத நிலம் அல்ல இது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், ரத்த அழுத்தம், சர்க்கரை மருந்துகளோடு இயன்முறைச் சிகிச்சையையும் வலி தணிப்புப் பராமரிப்பையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகிறது. நடக்க முடியாதவரிடம் துறை நடந்து வருகிறது என்பதே பெரிய தலைகீழ் மாற்றம். கதவைத் தட்டுகிற பெண் தன்னார்வலர் கையில் இரத்த அழுத்தக் கருவி இருக்கிறது. அந்தக் கருவியோடு அந்தப் பத்து நிமிடத்தையும், ‘காய்ச்சலுக்குப் பிறகு உடம்பு திரும்பிச்சா அக்கா?’ என்ற ஒரு கேள்வியையும், அந்தப் பதிலை எழுத ஒரு பத்தியையும் சேர்க்கலாம். சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் ஒன்று: அந்தத் தன்னார்வலர் வாங்குவதும் சம்பளம் அல்ல, ஊக்கத்தொகை. பராமரிப்பை மலிவான பெண் உழைப்பின் தலையில் கட்டிவிட்டு அதைப் பல்துறை என்று கொண்டாடினால் நாம் மறுபடி ஏமாறுகிறோம்.

8

தொடர் சிகிச்சைக்கு ஆஸ்பத்திரியில் ‘ரிவ்யூ’ என்று பெயர். ‘பதினைஞ்சு நாள் கழிச்சு ரிவ்யூக்கு வாங்க.’ நாம் புத்தகத்துக்கு எழுதுவதும் ரிவ்யூதான். மோசமான விமர்சகனுக்கு ஒரு அடையாளம் உண்டு. தன்னிடம் உள்ள அளவுகோலில் பிரதி அகப்படவில்லையென்றால் பிரதியில் ஒன்றுமில்லை என்று எழுதிவிடுவான். அளவுகோலைச் சந்தேகிக்கிறவன்தான் மறுபடி பக்கத்தைத் திருப்புவான்.

கணக்கு நோட்டையும் சந்தேகித்துத்தான் வாசிக்க வேண்டும். அதிலும் ஒரு மௌனம் இருக்கிறது. கம்பெனி எண்ணுவதை மட்டுமே அது எண்ணுகிறது. 0 என்று எழுதின நாட்களிலும் சோறு வெந்திருக்கிறது, தண்ணீர் பிடித்திருக்கிறது, மாமாவின் சட்டை துவைத்திருக்கிறது. அந்த உழைப்புக்குப் பத்தி போட்டிருந்தால் அவளுடைய சரிவு எங்கிருந்து வந்தது என்பது இன்னும் துல்லியமாகத் தெரிந்திருக்கும். வீட்டுவேலையைப் பங்குபோடாத குடும்பமும் நோய்க்காரணிகளில் ஒன்று. அந்தக் குடும்பத்தில் நானும் உண்டு.

போன மாதம் போனபோது நோட்டின் புதுப் பக்கங்களைப் பார்த்தேன். 210, 205, 215, 200, 210. ஏற்ற இறக்கம் இல்லை, 0 இல்லை. கேட்டேன். ‘எரநூத்திப் பத்துக்கு மேல போனா மறுநாளு ஒடம்பு சொன்னபடி கேக்க மாட்டீங்குது. அதனால நானே நிறுத்திக்குவேன். ரெண்டு கட்டு அடிச்சா, கொஞ்ச நேரம் செவுத்துல சாஞ்சு உக்காந்துக்குவேன்’ என்றாள். சக்தியின் எல்லைக்குள் வேலையைப் பங்கிடும் முறை. 2021 அக்டோபரில் ஒரு நாட்டின் உயர் நிறுவனம் எழுதிய அதே விஷயத்தை இவள் யாரும் சொல்லாமல், தோற்றுத் தோற்று, தன் செலவில் கண்டுபிடித்திருக்கிறாள். வருமானம் பாதிக்கும் கீழே. சூப்பர்வைசர் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘ஸ்லோ’.

அடுத்த ரிவ்யூவுக்கு நானும் கூடப் போகிறேன். மஞ்சள் பையில் ஃபைலுக்கு மேலே நோட்டை வைத்திருக்கிறோம். ‘அதை எடுத்து நீட்டுனா டாக்டரு சிரிப்பாருடா தம்பி’ என்கிறாள். சிரிக்கட்டும். சிரித்த பிறகு ஒரு பக்கமாவது வாசிக்க வேண்டும் என்று கேட்கத்தான் போகிறோம். சங்க ஆபீசுக்கும் அதே நோட்டைக் கொண்டுபோக வேண்டும்.